நூலக வரி எங்கே போகிறது? தமிழ்நாடு பொது நூலகச் சட்டம், ஆணைக்குழு, நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்து வரி கட்டும் எல்லோரும் நூலகத்துக்கும் பணம் கட்டுகிறோம். அது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, யார் செலவு செய்கிறார்கள், கணக்கு கேட்க முடியுமா என்பதில் தெளிவில்லை. வாசகர் வட்டக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுக்கானவை. வேறு மாநிலங்களைப் பற்றியும் ஓரிடத்தில் உண்டு.

நூலக வரி என்பது தனி வரியா?

தனியாக யாரும் வந்து வசூலிப்பதில்லை. சொத்து வரியோடு, கிராமமானால் வீட்டு வரியோடு, ஒட்டிக்கொண்டு வரும் கூடுதல் வரி அது. இப்போதைய விகிதம் ரூபாய்க்கு 10 பைசா. அரையாண்டுக்கு 2,400 ரூபாய் சொத்து வரி என்றால் 240 ரூபாய் நூலகத்துக்கு. அடுத்த அரையாண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 480 ரூபாய். ஊராட்சியில் 200 ரூபாய் வீட்டு வரி கட்டுபவர் 20 ரூபாய் தருகிறார். ரசீதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மொத்தத் தொகைக்கு மேலே எங்கோ சிறிய எழுத்தில் 'நூலக வரி' என்று போட்டிருக்கும்.

ஆரம்பத்திலிருந்தே பத்து விழுக்காடுதானா?

இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி. பழைய கணக்கில் ஓர் அணாவுக்கு 12 தம்பிடி, ரூபாய்க்கு 16 அணா. ஆக, ஆறு தம்பிடி என்பது அரையணா, ஏறக்குறைய மூன்று விழுக்காடு. நயாபைசா வந்தபின் 3 பைசா, பிறகு 5 பைசா, கடைசியில் 10 பைசா என்று ஏறியது. அரசின் முன் அனுமதி பெற்று விகிதத்தைக் கூட்டிக்கொள்ளச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாசகம் இல்லாமல் போயிருந்தால் இன்றும் மூன்று பைசாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம்.

எந்தச் சட்டம் இது? யார் கொண்டுவந்தது?

சென்னைப் பொது நூலகச் சட்டம், 1948. இன்றைய பெயர் தமிழ்நாடு பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். அதற்கு முன் 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆனால் அது சமஸ்தானத்தின் எல்லையோடு நின்றுவிட்டது.

இதன் பின்னால் ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பு இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1930இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலக மசோதாவை முன்வைத்தார். அதன் வழியில் ஒரு மசோதாவை 1933இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 1946இல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரானதும் காற்று திசை மாறியது. ரங்கநாதனின் வரைவு சட்டமாயிற்று. 1950 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகம் ஆனதும் அதே நாளில்தான்.

ரங்கநாதன் விடாப்பிடியாக நின்றது ஒரு விஷயத்தில்: நூலகத்துக்கென்று சட்டத்தில் பெயர் எழுதிய பணம் வேண்டும். பட்ஜெட்டில் மனம் வைத்துக் கொடுக்கும் பணம் பஞ்சம் வந்தால் முதலில் வெட்டப்படும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பல்கலைக்கழக நூலகத்தை நடத்தியவர் அல்லவா.

மாவட்ட நூலக ஆணைக்குழு என்றால் என்ன?

சட்டத்தின் மையமே அதுதான். சென்னை மாநகருக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று உள்ளூர் நூலக ஆணைக்குழுக்கள் இருக்க வேண்டும். இவை வெறும் ஆலோசனைக் குழுக்கள் அல்ல. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். சட்டப்படி அது தனி அமைப்பு. நிலம், கட்டடம், புத்தகம், பத்திரிகை, பணியாளர், சொற்பொழிவு, வகுப்பு என்று நூலகத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அது செய்யலாம். நூலகத்தில் வைக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் லாந்தர் ஸ்லைடும் சினிமாச் சுருளும்கூட உண்டு. 1948இல் அதுதான் நவீனம்.

சென்னை அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டம் கேட்கப் போகிறவர்கள் "எல்.எல்.ஏ. பில்டிங்" என்றுதான் சொல்வார்கள். அந்த எல்.எல்.ஏ. (லோக்கல் லைப்ரரி அத்தாரிட்டி) இந்த ஆணைக்குழுவேதான். எத்தனையோ புத்தக வெளியீடுகள் அங்கே நடந்திருக்கின்றன. மேடையில் இருந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

குழுவில் யார் யார் இருப்பார்கள்? வாசகருக்கு இடம் உண்டா?

உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து வருபவர்கள், அரசு நியமிக்கும் உறுப்பினர்கள், கல்வித் துறை சார்ந்தவர்கள் என்ற கலவை. மாவட்ட நூலக அலுவலர் செயலராக இருந்து அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறார். தலைவர் பதவி நடைமுறையில் அரசியல் நியமனம். ஆளும் கட்சிக்காரர் ஒருவர் தலைவராக இருப்பதே வழக்கம்.

வாசகர் என்ற தகுதியில் மட்டும் ஒருவர் தேர்தலில் நின்று உள்ளே வர வழியில்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இது. வரி கட்டுபவரும் வாசிப்பவரும் வெளியே நிற்கிறார்கள். ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. அது கூட்டம் நடத்தலாம், நன்கொடை திரட்டலாம், கோரிக்கை வைக்கலாம். செலவில் ஒரு ரூபாயைக்கூட அதனால் தீர்மானிக்க முடியாது.

எங்கள் மாவட்டத்தில் தலைவர் யாரும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் யார் முடிவெடுப்பது?

தனி அலுவலர். குழு அமைக்கப்படாத காலத்தில் அதன் அதிகாரம் முழுவதும் ஓர் அரசு அதிகாரியிடம் போய்விடும். இடைக்கால ஏற்பாடு என்று பெயர். தமிழ்நாட்டில் அந்த இடைக்காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கிறது. வேலை நின்றுவிடாது. சம்பளம் போகும், பத்திரிகை வரும். ஆனால் புதிய கிளை, இடம் வாங்குவது, நேரத்தை நீட்டிப்பது போன்றவற்றில் யாரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார்கள்.

வரிப் பணம் நேராக நூலகத்துக்குப் போய்விடுமா?

போகாது. சிக்கல் முழுவதும் தொடங்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரியை விதிப்பது நூலக ஆணைக்குழு. வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. வசூலித்ததை ஆணைக்குழுவிடம் செலுத்த வேண்டியது உள்ளாட்சியின் கடமை. அது அவர்கள் வருமானம் அல்ல, ஆணைக்குழுவுக்காக வாங்கி வைத்திருக்கும் பணம்.

ஆனால் சொத்து வரியும் நூலக வரியும் ஒரே ரசீதில், ஒரே கவுன்ட்டரில், பெரும்பாலும் ஒரே வங்கிக் கணக்கில் விழுகின்றன. மாதக் கடைசியில் துப்புரவுப் பணியாளர் சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது என்று வரிசையாக நிற்கும்போது, கணக்கில் இருக்கும் பணத்தில் எது நூலகத்துடையது என்று பிரித்துப் பார்க்க ஆணையருக்கு மனம் வராது. "அடுத்த மாதம் அனுப்பலாம்" என்று தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போட்டதுதான் நிலுவை. பல மாவட்டங்களில் உள்ளாட்சிகள் நூலகத்துக்குத் தர வேண்டிய பாக்கி கோடிக்கணக்கில் சேர்ந்து, அது செய்தியாவதும், பிறகு மறக்கப்படுவதும் வாடிக்கை. பெங்களூரிலும் இதே கதை அடிக்கடி செய்தியில் அடிபடும். நோய் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

ஆணைக்குழுவின் செயலரான மாவட்ட நூலக அலுவலர் நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். மாநகராட்சி ஆணையர் அவரைவிடப் பல படி மேலே இருப்பவர், சில இடங்களில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. அந்தக் கடிதத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பணம் செலுத்தும் கடமையைச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் என்ன ஆகும் என்பதில் அதற்குப் பல் இல்லை. வசூலாகும்போதே நூலக வரி தனிக் கணக்குக்குப் போய்விடும்படி மென்பொருளில் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இணையத்தில் வரி கட்டும் காலத்தில் அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நூலக நிதியில் வரி தவிர வேறு என்ன சேரும்?

ஒவ்வோர் ஆணைக்குழுவும் 'நூலக நிதி' என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். எல்லாச் செலவும் அதிலிருந்துதான். வரி, நன்கொடை, அறக்கட்டளை வருமானம், குறிப்பிட்ட காரியத்துக்கென்று அரசு தரும் சிறப்பு மானியம், உறுப்பினர் கட்டணம், தாமதக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். தாமதக் கட்டணத்தை வைத்து நூலகம் கொழிக்கிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சில்லறைக் காசு.

அரசு தன் பங்குக்கு ஏதாவது தந்தாக வேண்டுமா?

ஆம். சென்னை மாநகர் நீங்கலாக, மற்ற ஆணைக்குழுக்களுக்கு அங்கே வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. சென்னையில் கட்டடம் அதிகம், வரியும் அதிகம், தானே சமாளித்துக்கொள்ளும் என்பது அன்றைய கணிப்பு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரசின் பங்கு 'வசூலான' வரியோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டு வரி சரியாக வசூலாகாத மாவட்டத்துக்கு இரட்டை அடி. வரியும் குறைவு, அதற்கு இணையாக வருவதும் குறைவு.

அப்படியானால் பணக்கார மாவட்டத்துக்கு நல்ல நூலகம், ஏழை மாவட்டத்துக்கு மோசமான நூலகம் என்றாகிவிடாதா?

ஆகிறது. சொத்து வரி என்பது கட்டடத்தின் மதிப்பைப் பொறுத்தது. சென்னை, கோவை, திருப்பூர் போன்ற இடங்களில் ஒரு வணிக வளாகம் கட்டும் நூலக வரிக்கு ஈடாக இராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ பல ஊராட்சிகள் சேர்ந்தாலும் வராது. நூலகம் அதிகம் தேவைப்படுவது எங்கே? வீட்டில் புத்தகம் வாங்க வசதியில்லாத ஊர்களில்.

உள்ளூர்ப் பணம் உள்ளூர் நூலகத்துக்கு என்ற கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. வருமானம் குறைந்த மாவட்டங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கில் தனி மானியம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கலாம். அது இல்லாததால் பற்றாக்குறையை ஆண்டுதோறும் அரசாணைகளும் திட்டங்களும் போட்டு ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை யார் போடுகிறார்கள்?

மாவட்ட நூலக அலுவலகத்தில் தயாராகும். ஆணைக்குழு ஏற்றபின் பொது நூலக இயக்குநரின் ஒப்புதலுக்குப் போகும். புதிய நூலகம் திறப்பது உள்ளிட்ட திட்டங்களையும் இயக்குநரிடம் சமர்ப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஆணைக்குழு தனி அமைப்பு என்று சட்டம் சொன்னாலும், கடிவாளம் சென்னையில்தான்.

முதலில் பொதுக் கல்வி இயக்குநரே நூலகங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். 1972இல் தனி இயக்ககம் வந்தது. அதன் முதல் இயக்குநர் வே. தில்லைநாயகம். நூலகம் படித்து நூலகராகவே வளர்ந்தவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது பெரிய விஷயம். எல்லாக் காலத்திலும் அப்படி வாய்த்ததில்லை.

மேலே மாநில நூலகக் குழு என்று ஒன்றும் உண்டு. அமைச்சர் தலைமையில், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள், சட்டமன்ற உறுப்பினர்கள், 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் ஆகியோருக்கு இடம் கொடுத்த குழு. அது ஆலோசனைதான் சொல்லலாம்.

செலவில் புத்தகத்துக்கு இத்தனை விழுக்காடு என்று சட்டம் சொல்கிறதா?

சட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ஒரு கிளை நூலகத்தை நேரில் பார்த்தால் பணம் எப்படிக் கரைகிறது என்று புரியும். இரண்டு அறை. வாசலில் வருகைப் பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா. சாய்வு மேசையில் நாளிதழ்கள், அவற்றைச் சுற்றிப் பெரியவர்கள். உள்ளே இரும்பு அலமாரிகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கூரையில் ஓடும் ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே. இதில் நூலகர் சம்பளம், வாடகைக் கட்டடமானால் வாடகை, மின்கட்டணம், பத்திரிகைச் சந்தா, வெள்ளையடிப்பு, மழைக்கு ஒழுகும் மூலைக்குத் தார்ப் பூச்சு. இவ்வளவும் போக மிச்சம் இருப்பது புத்தகத்துக்கு. ஊதியச் செலவை நூலக நிதியும் அரசு மானியமும் சேர்ந்து தாங்குகின்றன. மானியம் தாமதமானால் புத்தகப் பணத்தில்தான் கைவைக்க நேரும்.

இடையில் ஒரு சொல்: அந்த வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் பேப்பர் படித்துவிட்டுப் போகாதீர்கள். பகுதிநேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாகவும், ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாகவும் தரம் உயர்த்தக் கேட்கும்போது உறுப்பினர் எண்ணிக்கையையும் வாசகர் வருகையையும்தான் பார்ப்பார்கள். உங்கள் கையெழுத்து ஓர் எண். அந்த எண் பணமாக மாறும்.

புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது எங்கள் ஊர் நூலகரா?

பெரும்பாலும் இல்லை. மாநிலம் முழுவதற்கும் இயக்ககம் மொத்தமாகத் தேர்வு செய்து வாங்குவதே நீண்டகால முறை. புத்தகம் எல்லா மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்படும், பணம் அந்தந்த ஆணைக்குழுவின் நிதியிலிருந்து போகும். தமிழ்ப் பதிப்புத் தொழிலின் மூச்சே இந்த ஆர்டரில்தான் பல காலம் ஓடியது. நூலக ஆர்டர் கிடைத்தால்தான் கவிதைத் தொகுப்பு அச்சேறும் என்ற நிலை. ஆர்டர் தாமதமானால் பதிப்பாளர் தவித்தார், பணம் வராவிட்டால் அச்சகமும் சேர்ந்து தவித்தது. நூலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட எத்தனை பாரம் (அச்சுத்தாள்) என்ற கணக்கில் விலை நிர்ணயிக்கப்பட்டதும் உண்டு. வெளிப்படையான கொள்முதலுக்காக 2024இல் அரசு தனிக் கொள்கையும் இணையதளமும் கொண்டுவந்தது.

மொத்தக் கொள்முதலில் விலை குறைவது உண்மை. ஆனால் நீலகிரி தேயிலைத் தோட்டத்துக் கிளைக்கும் நாகப்பட்டினம் மீனவர் குடியிருப்புக் கிளைக்கும் ஒரே மூட்டைப் புத்தகம் போவதும் உண்மை. உள்ளூர் நூலகர் தன் வாசகர்களுக்கென்று வாங்க ஒரு பங்கையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கைத் தணிக்கை செய்வது யார்?

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. முறையற்ற செலவை ஏற்காமல் தள்ளவும், அதற்குப் பொறுப்பானவரிடமே வசூலிக்கவும் சட்டம் வழி செய்திருக்கிறது. தணிக்கைத் தடை என்ற சொல்லைக் கேட்டால் மாவட்ட நூலக அலுவலகத்தில் ஒருவருக்கும் சோறு இறங்காது. நிலுவை வராமல் கிடப்பதும் தணிக்கை அறிக்கையில் ஆண்டுதோறும் வரும், ஆனால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை.

ஆணைக்குழுவை அரசு கலைக்க முடியுமா? நூலகத்தை மூட முடியுமா?

திறமையின்மை, கடமை தவறுதல், அதிகார மீறல் ஆகிய காரணங்களுக்காகக் கலைக்கலாம். விளக்கம் கேட்டபின்தான் கலைக்க வேண்டும். நூலகத்தை மூடவோ இடம் மாற்றவோ ஆணைக்குழு நினைத்தால் அரசின் முன் அனுமதி வேண்டும்.

அரசே மூட நினைத்தால்? 2010 செப்டம்பர் 15இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசு அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது, கட்டடம் நூலகமாகவே தொடர்கிறது. ஆனால் அது மாவட்ட ஆணைக்குழுவின் நூலகம் அல்ல, இயக்ககத்தின் நேரடிப் பொறுப்பில் இருப்பது. 2023 ஜூலை 15இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் உங்கள் மாவட்டக் கிளை நூலகத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. பணம் வரும் வழி வேறு.

எங்கள் ஊராட்சியில் ஒரு நூலகக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது. மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்டால் "எங்களுடையது இல்லை" என்கிறார். ஏமாற்றுகிறாரா?

உண்மையைத்தான் சொல்கிறார். 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவை ஊரக வளர்ச்சித் துறையுடையவை. பொது நூலகச் சட்டம், ஆணைக்குழு, நூலக நிதி எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். மனுவை ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். கிராமசபையில் தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது.

மாவட்ட மைய நூலகம், கிளை, ஊர்ப்புறம், பகுதிநேரம், நடமாடும் நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேல் இருப்பவைதான் பொது நூலகத் துறையுடையவை.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு நூலகத்தில் உரிமை உண்டா? வரி கட்டுவது வீட்டுக்காரர்தானே?

உண்டு. உறுப்பினராக வரி ரசீது கேட்பதில்லை. வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றித்தான் வாங்குகிறார் என்பது வேறு விஷயம்.

மற்ற மாநிலங்களில் எப்படி?

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். சில மாநிலங்களில் சட்டமே இல்லை.

கேரளத்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டம் பொறாமைப்பட வைக்கும். அங்கே கிராம நூலகங்கள் மக்கள் சங்கங்களாகத் தொடங்கியவை. பி. என். பணிக்கர் 1945இல் ஒருங்கிணைத்த கிரந்தசாலை இயக்கத்தின் பிள்ளைகள். நூலகச் சங்கத்தினர் ஓட்டுப்போட்டு, தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று நூலக கவுன்சில்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டட வரியில் 5 விழுக்காடு கூடுதல் வரி. அதோடு மாநிலக் கல்வி ஒதுக்கீட்டில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் கவுன்சிலுக்குத் தர வேண்டும். நம் வரி விகிதம் அவர்களுடையதைப் போல இரு மடங்கு. ஆனால் கணக்கு கேட்கும் உரிமை அவர்கள் வாசகரிடம் இருக்கிறது.

ஆந்திரத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைச் சட்டத்தின் வாரிசு. வீட்டு வரியில் கூடுதல் வரி, மாவட்டந்தோறும் கிரந்தாலய சம்ஸ்தா என்ற நூலக அமைப்பு. தெலங்கானாவும் அதே வழியில். கர்நாடகம் 1965இல் சட்டம் போட்டது, அங்கும் வரி உண்டு. மகாராட்டிரம் 1967இல் வேறு பாதை எடுத்தது. நூலக வரி இல்லை, தனியார் சங்க நூலகங்களை அ, ஆ, இ, ஈ போல நான்கு தரமாகப் பிரித்து மானியம் தருகிறது. மேற்கு வங்கத்தின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வரி கிடையாது. கோவாவில் மதுபானத்தின் மேல் கூடுதல் வரி போட்டு நூலகத்துக்குத் தருகிறார்கள். சிரிக்க வேண்டாம், நிலுவை பிரச்சினை அதில் குறைவு.

மத்திய அரசிடமிருந்து ஏதும் வருமா?

கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை வழியாக வரும். புத்தகம், கட்டடம், தளவாடங்களுக்கு உதவி. ஒரு வகையில் மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும், இன்னொரு வகையில் போட வேண்டியதில்லை. அன்றாடச் செலவுக்கு அதை நம்ப முடியாது.

எங்கள் மாவட்டத்தின் நூலக நிதிக் கணக்கை நான் பார்க்கலாமா?

தாராளமாக. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி ஒதுக்கீட்டையும் செலவையும் கேட்காமலேயே வெளியிட்டிருக்க வேண்டும். வெளியிடாவிட்டால் மனுப் போடுங்கள். மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்.

"நூலக நிதி பற்றிய முழு விவரம்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகவே பதில் வரும். ஆண்டைக் குறிப்பிட்டு, ஒவ்வோர் உள்ளாட்சியும் செலுத்திய நூலக வரி எவ்வளவு, செலுத்த வேண்டிய நிலுவை எவ்வளவு, புத்தகத்துக்குச் செலவானது எவ்வளவு, கடைசித் தணிக்கை அறிக்கையின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதே நாளில் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ இன்னொரு மனு: அதே ஆண்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில். இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணம் எங்கே நிற்கிறது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. உங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்த இரண்டு தாள்களையும் கொடுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை அவருக்குத்தான் உண்டு.

பல ஆண்டாக வரி கட்டுகிறோம், எங்கள் பகுதியில் நூலகமே இல்லை. வரி கட்ட மறுக்கலாமா?

முடியாது. மாவட்டத்துக்கான வரி அது, உங்கள் தெருவுக்கானது அல்ல. மறுத்தால் சொத்து வரிப் பாக்கியாகத்தான் கணக்கில் ஏறும்.

நூலகம் கேட்பதற்கு வழி உண்டு. உறுப்பினராகச் சேர விரும்புபவர்களின் பட்டியலைக் கையெழுத்தோடு தயார் செய்யுங்கள். வாடகையின்றி ஓர் இடம் கிடைத்தால் கோரிக்கைக்குக் கனம் கூடும். நிரந்தரக் கட்டடத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம், பல கிளைகள் அப்படி எழுந்தவைதான். மனுவை மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுத்து, நகலை ஆட்சியருக்கும் பொது நூலக இயக்குநருக்கும் அனுப்புங்கள். முதலில் பகுதிநேர நூலகம் என்றுதான் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

1,000 ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆகச் சொல்கிறார் நூலகர். அந்தப் பணம் எங்கள் கிளைக்கே வருமா?

நன்கொடையும் சட்டப்படி ஆணைக்குழுவின் நூலக நிதியில்தான் சேரும். நூலகர் கையில் செலவுக்கு நிற்காது. பலகையில் உங்கள் பெயர் ஏறும், ரசீதும் கிடைக்கும். உங்கள் கிளைக்கே பயன்பட வேண்டும் என்றால், பணத்தைவிட, அவர்களிடம் இல்லாத நாற்காலியாகவோ மின்விசிறியாகவோ வாங்கிக் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் கிளையின் பெயரில் பதியச் சொல்லுங்கள். புத்தகமாகத் தருவதென்றால் முன்கூட்டியே நூலகரிடம் பட்டியலைக் காட்டுங்கள். பரணிலிருந்து இறக்கிய பழைய பாடப்புத்தகங்களுக்கு அங்கேயும் இடமில்லை.